அமைதி தரும் இல்லங்கள்

(நமது பள்ளிவாசலில் நடைபெற்ற மாதாந்திர மார்க்க விளக்கக் கூட்டத்தில் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகின்றேன். புகழனைத்தும் அவனுக்கே. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



சில மாதங்களுக்கு முன் மந்தைவெளிப் பக்கம் ஒரு புதுமனைக்கு துஆ ஓத அழைத்திருந்தார்கள். மூன்றாவது மாடி. அழகான வீடு. யாஸீன் ஓதி, துஆ செய்து, இனிப்பும் உண்டாயிற்று. வீட்டுக்காரர் என்னை அறை அறையாக அழைத்துச் சென்று காட்டினார். தரைக்கு எந்த ஊர்க் கல், சமையலறை அலமாரிகளை எந்த நிறுவனம் செய்தது, கூரையில் எத்தனை விளக்குகள் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அதற்குள் அஸர் நேரம் ஆகிவிட்டது. "கிப்லா எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. மூன்று பேர் கைபேசியை எடுத்தார்கள். மூன்று கைபேசிகளும் மூன்று திசைகளைக் காட்டின. ஒருவழியாகத் திசையை முடிவு செய்தபின், விரிப்பை எங்கே விரிப்பது என்ற அடுத்த சிக்கல் எழுந்தது. ஹாலில் சோபாக்கள்; மேற்குச் சுவரில் ஆளுயரத் தொலைக்காட்சி. சோபாவைத் தள்ளித் தொழுதோம். அந்த வீட்டுத் தாயார் அன்று எங்கே தொழுதார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று திரும்பி வரும் வழியில் தோன்றியது. இன்றைய உரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான்.

அல்லாஹுத்தஆலா அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆவது வசனத்தில் தன் அருட்கொடைகளை எண்ணிக் காட்டும்போது, நம் வீடுகளை நமக்கு 'ஸகன்' ஆக ஆக்கியிருப்பதாகக் குறிப்பிடுகின்றான். ஸகன் என்றால் நிம்மதியுற்றுத் தங்கும் இடம். மஸ்கன் என்னும் இருப்பிடமும், ஸுகூன் என்னும் அசைவற்ற அமைதியும், உள்ளத்தில் இறங்கும் ஸகீனத்தும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். (மிஸ்கீன் என்ற சொல்லும் அதே வேரினது. வறுமை அசையவிடாமல் இருத்திவிட்டவன் என்று மொழி அறிஞர்கள் விளக்குவர்.) ஆக, அலைந்து களைத்த உடலும் உள்ளமும் வந்து அடங்கும் இடம் எதுவோ அதுவே வீடு. அப்படி அடங்குவதற்கு இடமில்லாத கட்டடம் எத்தனை கோடி பெறினும், அதில் இந்த அருட்கொடையின் பொருள் நிறைவேறவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அந்த அமைதி யாருக்குரியது? வீட்டில் வசிப்பவர்களுக்கு. இது சொல்லாமலே விளங்கும் செய்திதான். ஆயினும் நம் வீடுகளின் அமைப்பைப் பார்த்தால் அதை நாம் மறந்துவிட்டோமோ என்று ஐயம் எழுகிறது.

மயிலாப்பூரில் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்னமும் ஒன்றிரண்டு பழைய வீடுகள் எஞ்சியிருக்கின்றன. நம் சகோதர சமயத்தவரின் வீடுகள். வாசலில் திண்ணை, உள்ளே கூடம், நடுவில் வானம் பார்த்த முற்றம், தேக்குச் சட்டங்களின் மேல் செங்கலைக் குத்தவைத்துச் சுண்ணாம்புக் காரை பூசிய 'மெட்ராஸ் டெரஸ்' கூரை. வழிப்போக்கனுக்கும் வந்து பேசுபவருக்கும் திண்ணை. குடும்பத்திற்குக் கூடம். காற்றுக்கும் வெளிச்சத்திற்கும் முற்றம். நண்பகலுக்குப் பின் கடற்காற்று எழுந்தால் வீட்டின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும். வந்தவர் திண்ணையில் அமர்ந்திருக்க, உள்ளே ஒரு பாட்டி உறங்கிக்கொண்டிருக்கலாம். ஒருவர் மற்றவருக்கு இடையூறில்லை.

நம்மவர்களின் ஊர்களைப் பாருங்கள். காயல்பட்டினத்தில் தெருக்களுக்கு இடையே பெண்கள் நடமாடுவதற்கென்றே 'முடுக்கு' என்னும் குறுகிய சந்துகளை விட்டிருக்கிறார்கள். ஆண்கள் தெரு வழியாக வருவார்கள். பெண்கள் முடுக்கு வழியாக உற்றார் வீட்டுக்கும், தங்களுக்கென்றே உள்ள தைக்காக்களுக்கும் போய் வருவார்கள். மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிப்பதும் அவ்வூர் வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு பெண்ணுக்குரியது என்பதனால்தான் அதன் அமைப்பிலும் பெண்ணை நினைத்துக் கட்டினார்கள் போலும் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் உள்ள பழைய வீடுகளில், நுழைவாயிலிலிருந்து முற்றத்திற்குச் செல்லும் வழி நேராக இல்லாமல் வளைந்து செல்லும். கதவு திறந்தாலும் தெருவில் நிற்பவரின் பார்வை உள்ளே விழாது. ஊர் வேறாயினும் எண்ணம் ஒன்றே.

1920களில் தியாகராய நகர் உருவானபோதுகூட மனைகள் தனித்தனியாக, சுற்றிலும் தோட்டமிட்ட வீடுகளாகத்தான் எழுந்தன. பின்னர் அந்த மனைகளின் மேல் அடுக்ககங்கள் வந்தன. வந்தது குற்றமன்று, மக்கள் பெருகினால் வேறென்ன செய்வது? ஆனால் அப்போது நேர்ந்த ஒன்றை நாம் கவனிக்கவில்லை. திண்ணை, கூடம், முற்றம் ஆகிய மூன்றும் ஒன்றாகிச் சுருங்கி 'ஹால்' ஆயிற்று. விருந்தினர் அமர்வதும் அங்கேதான், குடும்பம் உண்பதும் அங்கேதான், பிள்ளை படிப்பதும் அங்கேதான், பெரியவர் படுப்பதும் அங்கேதான். அழைப்பு மணி ஒலித்தால் அத்தனையும் கலையும்.

இதிலும் யாருக்கு முதலிடம் கொடுக்கிறோம்? 600 சதுர அடி வீட்டில் பெரிய இடமும், காற்று வரும் சன்னலும் ஹாலுக்கு. ஆண்டில் சில நாள்கள், சில மணி நேரம் வந்து போகும் விருந்தினருக்காக விலையுயர்ந்த சோபா. எண்பது வயது அத்தாவோ, வந்தவர்கள் எழுந்து போகும்வரை கண்ணைச் சுழற்றும் தூக்கத்துடன் மூலையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய படுக்கை சோபாவுக்குப் பின்னால் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

நாயகம் (ஸல்) அவர்கள் படுக்கையைப் பற்றிச் சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஒரு விரிப்பு கணவனுக்கு, ஒன்று மனைவிக்கு, மூன்றாவது விருந்தாளிக்கு, நான்காவது ஷைத்தானுக்கு என்பது அதன் கருத்து. ஆடம்பரத்தைக் கண்டிக்கும் நபிமொழி என்று இதைச் சொல்வோம், சரிதான். அதிலுள்ள வரிசையையும் சற்றே பாருங்கள். விருந்தோம்பலை ஈமானோடு இணைத்துப் பேசிய அதே பெருமானார், விரிப்பில் விருந்தாளியை மூன்றாமிடத்தில்தான் வைத்தார்கள். வீட்டில் வாழ்பவர் உறங்க இடம் பெற்ற பின்னரே விருந்தினர்.

சகோதரர்களே, ஊரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் நியாயமாகாது. என் வீட்டையும் சொல்லிவிடுகிறேன்.

2020ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க முடியாது. மார்ச் மாத இறுதியில் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. ஏப்ரல் இறுதியில் ரமளான் பிறந்தது. தராவீஹ் வீட்டில், பெருநாள் தொழுகை வீட்டில். சென்னையில் வழிபாட்டுத் தலங்கள் திறக்கப்பட்டபோது செப்டம்பர் பிறந்திருந்தது. மூஸா (அலை) அவர்களின் சமுதாயம் எகிப்தில் வெளிப்படையாக வணங்க இயலாதிருந்த காலத்தில், வீடுகளையே கிப்லாவாக ஆக்கித் தொழுகையை நிலைநாட்டுமாறு அல்லாஹ் பணித்ததை யூனுஸ் அத்தியாயத்தின் 87ஆவது வசனம் கூறுகிறது. எத்தனையோ முறை ஓதிய வசனம். அந்த ரமளானில்தான் அதன் பொருள் எனக்கு உறைத்தது.

முதல் நாள் இரவு இஷாவுக்கு என் மனைவி மக்களை நிறுத்தி இமாமத் செய்ய முனைந்தேன். பள்ளிவாசலின் மிஹ்ராபில் நின்று பழகியவன்; என் வீட்டில் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. தடுமாறுவதைக் கண்ட என் இளைய மகள், "அத்தா, அம்மா இங்கேதான் தொழுவாங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, யாராவது பிரிட்ஜைத் திறந்தா கதவு தலையில இடிக்கும்" என்று இடம் காட்டினாள். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே உள்ள நடைபாதை அது. அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து அப்போது பதினோரு ஆண்டுகள். ஐந்து வேளையும் பள்ளிவாசலில் இருந்த நான், பதினோரு ஆண்டுகளாக என் மனைவி எந்த இடத்தில் ஸஜ்தா செய்கிறார் என்பதைப் பார்த்ததில்லை. பிள்ளைகள் குளியலறைக்குப் போகும்போது தொழுகையை விரைந்து முடித்துக்கொள்வாராம். மழைநாளில் அந்த இடத்தில் துணி காயும் கொடியும் இருக்கும்.

பெண்கள் வீட்டில் தொழுவதே சிறந்தது என்று மிம்பரில் நின்று நாங்கள் சொல்கிறோம். வீட்டில் எங்கே என்று என்றாவது சொன்னோமா? அந்த நன்மையைச் சொல்லிவிட்டு இடத்தைத் தராமல் விடுவது என்ன நியாயம்? உம்மு ஹுமைத் (ரலி) என்ற பெண்மணி, நபியவர்களுடன் சேர்ந்து தொழ விரும்புவதாகச் சொன்னபோது, அவர் தம் வீட்டின் உள்ளறையில் தொழுவது மேலானது என்று நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். அதைக் கேட்ட அவர் என்ன செய்தார் என்பதை முஸ்னத் அஹ்மத் அறிவிப்பு தொடர்ந்து கூறுகிறது. தம் வீட்டின் உட்கோடியில் தமக்கென ஒரு தொழுமிடம் கட்டச் சொன்னார், கட்டித் தரப்பட்டது, மரணம் வரை அங்கேயே தொழுதார். நபிமொழியின் முற்பாதியைச் சொல்லும் நாம் பிற்பாதியை விட்டுவிடுகிறோம்.

இத்பான் பின் மாலிக் (ரலி) அவர்களின் வரலாறும் புகாரியில் உள்ளது. பார்வை மங்கிவிட்டது, மழை பெய்தால் பள்ளத்தாக்கில் வெள்ளம் ஓடுகிறது, தம் சமூகத்தாரின் பள்ளிக்குச் செல்ல முடியவில்லை. தம் வீட்டிற்கு வந்து ஓரிடத்தில் தொழுதால் அவ்விடத்தைத் தொழுமிடமாக ஆக்கிக்கொள்வதாக நபியவர்களிடம் வேண்டினார். நாயகம் (ஸல்) அவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களுடன் வந்தார்கள். வீட்டினுள் நுழைந்தவர்கள் அமரக்கூட இல்லை. வீட்டின் எப்பகுதியில் தொழ வேண்டும் என விரும்புகிறீர் என்றுதான் முதலில் கேட்டார்கள். இத்பான் (ரலி) ஒரு மூலையைக் காட்டினார். ஒரு மூலை! அவர் கேட்டதும் அவ்வளவே, பெற்றதும் அவ்வளவே.

அந்த மூலைக்கு எவ்வளவு இடம் வேண்டும்? இதை நான் அளந்தே பார்த்துவிட்டேன். கடையில் கிடைக்கும் தொழுகை விரிப்பு ஏறத்தாழ இரண்டேகால் அடி அகலம், மூன்றரை அடி நீளம். ஆனால் சென்னையில் அதைச் சுவரோடு ஒட்டி நேராக விரிக்க இயலாது. நம் நகரிலிருந்து கஅபா நேர் மேற்கே இல்லை. மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 18 பாகை சாய்ந்திருக்கிறது. நான்கு திசைக்கும் நேராகக் கட்டப்பட்ட வீட்டில் விரிப்பு சற்றுச் சரிவாகத்தான் விழும். அப்படி விரிக்க மூன்றேகால் அடிக்கு நான்கடி வேண்டும். கைகால் இடிக்காமலிருக்க நான்கடிக்கு நான்கரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 சதுர அடி. 600 சதுர அடி வீட்டில் நூற்றுக்கு மூன்று பங்கு. ஒற்றைச் சோபா ஒன்றை எடுத்தால் கிடைத்துவிடும். நேர் மேற்கை நோக்கித் தொழுதவர்கள் கலங்க வேண்டாம். ஹனஃபி மத்ஹபில் கஅபாவின் திசையை நோக்கினால் தொழுகை கூடிவிடும். ஷாஃபிஈ மத்ஹபினர் கஅபாவையே நேராக நோக்குவதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். நம் ஜமாஅத்தில் இருசாராரும் இருப்பதால் சொல்கிறேன்.

திசையறியக் கைபேசியை மட்டும் நம்பாதீர்கள். மின்தூக்கி, இரும்பு பீரோ, கம்பி நிறைந்த தூண் ஆகியவற்றின் அருகில் காந்தமுள் தடுமாறும். ஆண்டுக்கு இருமுறை அல்லாஹ்வே நமக்கு வழிகாட்டுகின்றான். மே 27, 28 தேதிகளில் நம் நேரப்படி பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 15, 16 தேதிகளில் பிற்பகல் 2.57 மணிக்கும் சூரியன் கஅபாவின் உச்சிக்கு நேர்மேலே நிற்கிறது. அந்த நிமிடத்தில் நம் வீட்டுப் பால்கனியிலோ மொட்டை மாடியிலோ ஒரு கோலை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். நிழலுக்கு நேர் எதிர்த்திசை கிப்லா. ஒரு கோடு கிழித்து வைத்துக்கொண்டால் வாழ்நாளுக்கும் போதும். சிறு பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள், அவர்கள் மறக்கமாட்டார்கள்.

அடுக்ககங்களில் விற்கும்போதே 'பூஜை அறை' என்று ஒரு மாடம் அமைத்துத் தருகிறார்கள். நம்மவர் அதை வாங்கியதும் என்ன செய்கிறார்கள்? சில வீடுகளில் செருப்பு அலமாரி, சில வீடுகளில் இஸ்திரிப் பெட்டி. வீட்டைக் கட்டியவர் வழிபாட்டுக்கென ஓரிடம் வேண்டும் என்று அறிந்திருக்கிறார். வாங்கிய நாம் அதைச் செருப்புக்குக் கொடுக்கிறோம். அங்கே குர்ஆனை வையுங்கள். முன்னால் இடமிருந்தால் விரிப்பை விரியுங்கள். (வாஸ்து பார்த்து சமையலறையை மாற்றலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: காற்றும் வெளிச்சமும் பாருங்கள், அது போதும்.)

புதிதாகக் கட்டுபவர்களும், வரைபட நிலையில் வாங்குபவர்களும் ஒன்றைத் தவறவிடாதீர்கள். கழிப்பறைப் பீடம் கிப்லாவை நோக்கியோ, கிப்லாவுக்கு முதுகு காட்டியோ அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதைத் தடுக்கும் நபிமொழியை அறிவித்த அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்கள், தாங்கள் ஷாம் நாட்டிற்குச் சென்றபோது அங்கே கழிப்பிடங்கள் கிப்லா நோக்கிக் கட்டப்பட்டிருந்ததைக் கண்டு, திரும்பி அமர்ந்து, அல்லாஹ்விடம் மன்னிப்பும் கேட்டதாகச் சொல்கிறார்கள். சுவர்களுக்குள் இருந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் அனுமதி உண்டு. ஹனஃபி மத்ஹபில் கட்டடத்திற்குள்ளும் அது வெறுக்கப்பட்டது. காகிதத்தில் பென்சிலால் திருப்ப ஒரு பைசா செலவில்லை. பளிங்குக்கல் பதித்தபின் திருப்ப வேண்டுமானால் தரையையே உடைக்க வேண்டும். அப்படி உடைத்தவர்களும் இங்கே அமர்ந்திருக்கிறார்கள்.

உளூச் செய்யும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். முகம் கழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்துக் கழுவுகிறோம். இளைஞருக்கு அது விளையாட்டு. மூட்டு வலியுள்ள தாய்க்கு? பஜ்ருக்கு எழுந்து, தூக்கக் கலக்கத்தில், ஈரத் தரையில் ஒற்றைக் காலில் நின்று இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர்களைப் பார்க்க நான் மருத்துவமனைக்குச் சென்றிருக்கிறேன். துணி துவைக்கும் இடத்திலோ பால்கனியிலோ ஒன்றரையடி உயரத்தில் ஒரு குழாய், அமர ஒரு முக்காலி, கீழே வழுக்காத கல். இவ்வளவுதான். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில் உளூச் செய்தார்கள். ஏறத்தாழ ஒரு லிட்டர் அல்லது அதற்கும் குறைவு. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு நின்றபோது நாமெல்லாம் ஒரு குவளையில் உளூச் செய்யக் கற்றுக்கொண்டோம். மழை வந்ததும் மறந்துவிட்டோம்.

இனி, உறக்கம். உறக்கத்தை ஓய்வாக ஆக்கியதாக அந்நபஉ அத்தியாயத்தில் இறைவன் சொல்லிக்காட்டுகின்றான். அந்நூர் அத்தியாயத்தின் 58ஆவது வசனம் இன்னும் நுட்பமானது. பஜ்ருக்கு முன், நண்பகலில் ஆடை தளர்த்தும் வேளை, இஷாவுக்குப் பின் என்று மூன்று வேளைகளைக் குறிப்பிட்டு, அவ்வேளைகளில் வீட்டுச் சிறுவர்களும் அனுமதி பெற்றே உள்ளே வர வேண்டும் என்று அது பணிக்கிறது. அனுமதி கேட்பதானால் ஒரு கதவு வேண்டும். கதவில்லையேல் ஒரு திரையாவது வேண்டும். பத்து வயதான பிள்ளைகளின் படுக்கையைப் பிரித்து வையுங்கள் என்ற நபிமொழியும், சுவர் இல்லாத மொட்டை மாடியில் உறங்குவதைக் கண்டிக்கும் நபிமொழியும் அபூதாவூதில் உள்ளன. வீடு கட்டும் கொத்தனாருக்குச் சொல்ல வேண்டிய செய்திகள் ஹதீஸ் நூல்களில் இருப்பதைப் பாருங்கள்.

நம் ஜமாஅத்தில் பாதிப் பேர் நேரம் கெட்ட நேரத்தில் உறங்குபவர்கள். தியாகராய நகர்க் கடைகளில் வேலை பார்ப்பவர் வீடு சேர இரவு பதினொன்று ஆகிறது. பழைய மகாபலிபுரம் சாலைக் கணினி நிறுவனங்களில் இரவுப் பணி செய்யும் பிள்ளைகள் பகலில்தான் படுக்க முடியும். அவர்களுக்காக ஒரே ஓர் அறையையாவது பகலிலும் இருட்டாக்கக் கனத்த திரை போடுங்கள். தொலைக்காட்சியை அந்த அறையின் சுவரில் மாட்டாதீர்கள். இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண்பேச்சுப் பேசுவதையும் நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்று புகாரியில் வருகிறது. இப்போது பேச்சுக்கூட இல்லை. ஆளுக்கொரு கைபேசி, தலையணைக்கு அருகே ஒரு மின்இணைப்பு. அந்த இணைப்பை ஹாலுக்கு மாற்றினால் தஹஜ்ஜுத் கிடைக்கிறதோ இல்லையோ, பஜ்ர் கிடைக்கும்.

தொழும் திசையில் கண்ணாடி பதித்த அலமாரியும் தொலைக்காட்சியும் வேண்டாம். ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டில் தொங்கவிட்டிருந்த உருவங்கள் கொண்ட ஒரு திரை, தொழுகையில் தம் கவனத்தில் குறுக்கிடுவதாகச் சொல்லி அதை அகற்றுமாறு நபியவர்கள் கூறினார்கள். அவர்களுக்கே அப்படியென்றால் நம் நிலை என்ன?

அண்டை வீட்டாரின் உறக்கமும் நம் பொறுப்பில்தான் இருக்கிறது. அடுக்ககத்தில் நம் தரை கீழ்வீட்டுக்காரரின் கூரை. சஹர் நேரத்தில் மிக்ஸி ஓட்டுவதை முந்தின இரவே முடித்துக்கொள்ளலாம். பள்ளிவாசலின் பயான் ஒலிபெருக்கியும் பள்ளிக்குள் இருப்பவர்களுக்குக் கேட்டால் போதும் என்று நிர்வாகிகளிடம் நானே சொல்லியிருக்கிறேன். இப்போது உள்ளே மட்டும்தான் ஒலிக்கிறது.

"ஹஜ்ரத், நீங்கள் சொல்வதெல்லாம் சொந்த வீட்டுக்காரருக்கு. நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம்" என்று சிலர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. பெயரைக் கேட்டதுமே வீடு போய்விட்டது என்று சொல்லும் தெருக்களைத் தாண்டி, கிடைத்த வீட்டில் ஆறு பேர் ஓர் அறையில் இருக்கும் குடும்பங்களை நான் அறிவேன். கடன் வாங்கி வீடு கட்டி வட்டியில் உறக்கம் இழந்தவர்களையும் அறிவேன். அதற்குத் தனியாக ஒரு ஜும்ஆ வேண்டும். விசாலமான வீடு மனிதனின் நற்பேறுகளில் ஒன்று என்று நபியவர்கள் சொன்னார்கள். ஆனால் அவர்களுடைய வீடு எப்படியிருந்தது? இரவில் விளக்கில்லை. அவர்கள் தொழும்போது ஆயிஷா (ரலி) அவர்கள் முன்னால் உறங்கிக்கொண்டிருப்பார்கள், ஸஜ்தாவுக்கு வரும்போது நபியவர்கள் மெல்லத் தொடுவார்கள், அன்னையார் காலை மடக்கிக்கொள்வார்கள், எழுந்ததும் நீட்டிக்கொள்வார்கள். அந்த இல்லங்களின் கூரையைக் கையால் தொட முடிந்ததாக ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். இதில் நான் காண்பது வறுமையை மட்டுமன்று. உறங்குபவரை எழுப்பவில்லை, தொழுபவரும் நிறுத்தவில்லை. அந்தச் சிறிய இடத்தில் இருவருக்கும் உரிமை இருந்தது.

நபியவர்களிடம் ஒரு பாய் இருந்தது. பகலில் அதை விரித்து அமர்வார்கள். இரவில் அதையே தடுப்பாக நிறுத்தி ஓர் அறைபோல் ஆக்கிக்கொண்டு தொழுவார்கள். புகாரியில் உள்ள செய்தி. வாடகை வீட்டுக்கு இதைவிட நல்ல வழிகாட்டுதல் எது? சுவரில் ஆணியடிக்கவும் அனுமதிக்காத வீட்டுக்காரர், ஒரு மடக்குத் தட்டியையோ, கயிற்றில் தொங்கும் சேலைத் திரையையோ தடுக்கப்போவதில்லை. "இந்தத் திரை போட்டிருந்தால் அம்மா தொழுகிறாள், யாரும் கூப்பிடாதே" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். என் வீட்டில் பிரிட்ஜை ஹாலுக்குக் கொண்டு வந்துவிட்டோம். விருந்தினர் கண்ணில் அது படுவது அழகாக இல்லைதான். அந்த இடத்தில் இப்போது ஒரு பாயும், ஒரு ரேஹாலும், ஒரு பச்சைத் திரையும் இருக்கின்றன. முதல் வாரம் என் மனைவி பழக்கத்தில் நடைபாதையிலேயே விரித்தார். பிறகு இடம் மாறினார். இப்போது லுஹா நேரத்தில் திரை மூடியிருப்பதைப் பார்க்கிறேன். முன்பு அவர் லுஹா தொழுது நான் பார்த்ததில்லை.

தாய்மார்களே, இன்று வீட்டுக்குச் சென்றதும் உங்கள் கணவரையும் பிள்ளைகளையும் அழைத்து, நீங்கள் தொழும் இடத்தைக் காட்டுங்கள். காட்டினால் மட்டும் போதும். மற்றதை அவர்கள் புரிந்துகொள்வார்கள். ஆண்களே, அவர்கள் காட்டவில்லையென்றால் நீங்கள் கேளுங்கள்.

கிப்லா குறிக்க வேண்டிய வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப்பின் நானே வருகிறேன். பள்ளிவாசல் அலுவலக அறையில் ஒரு குறிப்பேடு வைக்கப்பட்டுள்ளது. பெயர், தெரு, எத்தனையாவது மாடி என்று எழுதிவிடுங்கள். மின்தூக்கி இல்லாத வீடுகளை முதல் மூன்று வாரங்களில் முடித்துவிட எண்ணம்; என் முழங்கால் இப்போதைக்கு ஒத்துழைக்கிறது. வீடு கட்டவிருப்பவர்கள் வரைபடத்தையும் கொண்டு வாருங்கள். நம் ஜமாஅத்தின் பொறியாளர் சகோதரர்கள் இருவர் அதைப் பார்த்துத் தர இசைந்திருக்கிறார்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.